குழாய் போகும் ஊர்கள் எந்தத் தண்டனையைக் கேட்பது?

சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரைக்குப் பெட்ரோலும் டீசலும் கொண்டுவரும் குழாய் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக மண்ணுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணூரில் தொடங்கித் தூத்துக்குடி வரை போகும் இயற்கை எரிவாயுக் குழாய்த் திட்டத்தின் பெயரிலேயே மதுரை இருக்கிறது. பட்டா நம் பெயரில்தான். ஆனால் குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அந்த நிலத்தில் உழுது விதைப்பவர்களுக்கு ஒரு கேள்வி கேட்க முழு உரிமை உண்டு: குழாய்க்காரர் பாதுகாப்பு விதியை மீறினால் அவருக்கு என்ன தண்டனை?

கிராம சபைகளில் இதற்கு வழக்கமாக ஒரு வரி எழுதுகிறோம்: "விதிமீறல் இருந்தால் கடும் நடவடிக்கை எடுக்க இச்சபை கேட்டுக்கொள்கிறது." இந்த வரி எந்த அதிகாரியின் மேசையிலும் ஒரு வேலையைக்கூடத் தொடங்கி வைக்காது. அபராதமா, சிறையா, இழப்பீடா, உரிமத்தை ரத்து செய்வதா, இல்லை வேறொன்றா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி வாசல். தவறான வாசலில் நின்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

நான் எல்லாவற்றையும் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். தண்டனை விபத்துக்கு முன்னால் வேலை செய்யுமா? அதன் பலன் நம் நிலத்தில் கிடக்கும் குழாய்க்கே வந்து சேருமா?

இதற்கு முன், மீறல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது வெடிச் சத்தத்தோடு வருவதில்லை. ஓடையில் வெள்ளம் வந்து மேல்மண்ணை அரித்துப் போயிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டிய குழாய் முழங்கால் ஆழத்தில் கிடக்கும். எச்சரிக்கைப் பலகை சாய்ந்து கிடக்கும். குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அதற்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துக் காப்பார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் பெட்டி உடைந்து மாதக்கணக்காகியிருக்கும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் பிளக்கும். அந்த அசைவு குழாயின் மேல்பூச்சைத் தேய்க்கக்கூடியது. கண்மாய் உள்வாயில் தண்ணீர் நின்றால் அரிப்பு வேகமாகும். இவை எல்லாம் எழுத்தில் உள்ள விதிகளின் மீறல்கள்தான். பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இயற்கை எரிவாயுக் குழாய்களுக்கான தொழில்நுட்பப் பாதுகாப்பு விதிகளை 2009-ல் கொண்டுவந்தது. பெட்ரோலியப் பொருள் குழாய்களுக்கு 2016-ல் வந்தது.

ஆந்திராவின் நகரம் என்ற ஊரில் 2014 ஜூன் 27 அதிகாலை கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தார்கள். குழாயின் உட்புறம் அரித்துப் போயிருந்தது. ஈரம் நீக்கப்படாத வாயு அதில் ஓடியிருந்தது. முன்னதாகவே கசிவைப் பற்றி ஊரார் சொல்லியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தச் சாவுகளுக்குப் பின் எந்தத் தண்டனை கொடுத்தாலும், அரிப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எந்தத் தண்டனையும் குழாயைத் தொடவில்லை. நம் ஊரில் கேட்க வேண்டியது அந்த ஆண்டுகளுக்கான தண்டனையை.

முதல் வழி, வாரியம் போடும் அபராதம். வாரியத்தை அமைத்த 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, வாரியத்தின் உத்தரவை மீறிய நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் வரை கூடுதலாகப் போடலாம். ஒரு கோடி என்றதும் நமக்கு மலைப்பாக இருக்கும். நாட்டின் மிகப்பெரிய எண்ணெய் நிறுவனத்தின் ஆண்டு விற்பனை வருவாய் 8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. வகுத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்துக்கு ஒன்றரைக் கோடி. லாபம் வேறு கணக்கு என்பது உண்மைதான். என்றாலும் ஒரு நிமிட விற்பனைக்குக் குறைவான தொகையைப் பார்த்து எந்த நிர்வாகக் குழுவும் தூக்கத்தை இழக்காது.

ஆனால் அந்தப் பிரிவின் பின்பாதியை நாம் கவனிப்பதே இல்லை. நாளொன்றுக்கு 10 லட்சம் என்றால் பத்தே நாளில் முதல் அபராதத்துக்குச் சமமாகிவிடும். ஓராண்டு இழுத்தடித்தால் 36 கோடியே 50 லட்சம். அமெரிக்காவில் குழாய்ப் பாதுகாப்பு மீறலுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2.7 லட்சம் டாலர் வரை அபராதம் போடலாம். நம் 10 லட்சம் ரூபாயைவிட அது பல மடங்கு. ஆனால் ஒரே மீறலின் தொடர்ச்சிக்கு மொத்தம் ஏறத்தாழ 27 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு உண்டு. பத்து நாளோடு மீட்டர் நின்றுவிடும். நம் பிரிவில் நாள் கணக்குக்கு அப்படியொரு உச்சவரம்பு சொல்லப்படவில்லை. தொகை சிறிதானாலும் நிற்காமல் ஓடக்கூடியது நம்முடையது. சரி செய்யும்வரை ஓடும் அபராதம் என்பது இந்தச் சட்டத்தில் இருக்கும் நல்ல ஆயுதம். அதைப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

குறைகளும் உண்டு. வாரியம் இருப்பது டெல்லியில். அதன் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு போவதும் டெல்லியில் உள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. அபராதத் தொகை அரசுக் கருவூலத்துக்குப் போகும்; ஊருக்கு வராது. குழாய் பொதுத்துறையுடையது என்றால் அரசின் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டதாகிவிடும். "நம்ம வரிப்பணம்தானே" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்குக் கடைசியில் வருகிறேன்.

இரண்டாவது, சிறை. கூட்டங்களில் அதிகம் கைதட்டல் வாங்குவது இதுதான். "ரெண்டு பெரிய அதிகாரியை உள்ளே தள்ளினா எல்லாம் சரியாகும்." கோபம் புரிகிறது. சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, அலட்சியத்தால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய 304-ஏ பிரிவில் 2 ஆண்டுதான் இருந்தது. ஆனால் இது உயிர் போன பிறகு வரும் பிரிவு. உயிர் போகாமல், தீப்பற்றும் பொருளை அலட்சியமாகக் கையாண்டதற்கு மட்டும் 287-வது பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விபத்துக்கு முன்னால் குற்றவியல் சட்டம் நீட்டும் தடி அவ்வளவுதான்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். போபால் விஷவாயுக் கசிவு 1984 டிசம்பரில். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 2010 ஜூனில். தண்டனை 2 ஆண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மக்களுக்குக் கிடைத்தது அது. தவிர, பெரிய நிறுவனத்தில் ஒரு முடிவு பத்துக் கையெழுத்துகளைத் தாண்டி வருகிறது. எந்தக் கையெழுத்து அலட்சியம் என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது கடினம். அதனால் வழக்கு கீழே கீழே இறங்கி, வால்வைத் திருகிய ஒப்பந்தத் தொழிலாளியிடம் போய் நிற்கும் ஆபத்து உண்டு. என் கருத்தில் சிறையை இரண்டு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்: பதிவேட்டைத் திருத்தி உண்மையை மறைத்த இடம், எச்சரிக்கை எழுத்தில் வந்தும் குப்பையில் போட்ட இடம். மற்றபடி சிறையைக் கேட்பது மனசுக்கு ஆறுதல் தரும். குழாய்க்கு ஒன்றும் செய்யாது.

சிறை பற்றிப் பேசும்போது ஒரு ஏற்றத்தாழ்வைச் சொல்லாமல் போக முடியாது. நிலத்தில் குழாய் பதிக்கும் உரிமையைத் தரும் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே, அதில் தண்டனைப் பிரிவு யாரைப் பார்த்து நிற்கிறது தெரியுமா? வேலையைத் தடுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. குழாயை வேண்டுமென்றே சேதப்படுத்தினால், திருட்டு இணைப்புப் போட்டால், குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு கடுங்காவல். நாசவேலை என்றால் மரண தண்டனை வரை. பெட்ரோல் திருடுபவனைத் தண்டிக்க வேண்டியதுதான். ஒரு திருட்டுத் துளை ஓர் ஊரையே எரிக்கக்கூடியது. ஆனால் குழாயை அரிக்க விட்டவருக்குப் பணம், குழாயைத் தொட்டவருக்குப் பத்தாண்டு என்றால் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. நிலத்துக்காரருக்குக் கிடைப்பது சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்தபோது முதலில் கைதானவர்கள் போராடிய மக்கள்தான். இதை மனத்தில் வைத்துத்தான் நம் தீர்மானங்களை எழுத வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் மதுரை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பாதாளச் சாக்கடைக்கும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்துக்கும் தெருத் தெருவாகத் தோண்டியதைப் பார்த்தோம். அடியில் எது எங்கே போகிறது என்ற வரைபடம் கையில் இல்லாமல் பொக்லைன் இறங்கினால், எரிவாயுக் குழாய் வந்த தெருக்களில் என்ன ஆகும்? பெல்ஜியத்தின் கிஸ்லங்கியன் என்ற ஊரில் 2004 ஜூலையில் கட்டுமான வேலையின்போது காயப்பட்ட எரிவாயுக் குழாய் பின்னர் வெடித்து 24 பேர் இறந்தார்கள். தோண்டுமுன் தகவல் தெரிவிக்க 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. அதில் பதியாமல் தோண்டச் சொன்ன ஒப்பந்ததாரருக்குத்தான் அபராதம் போக வேண்டும். காட்டிய இடத்தில் கையை இறக்கிய ஓட்டுநருக்கு அல்ல.

மூன்றாவது, இழப்பீடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. டெல்லியோடு பார்த்தால் இது வைகை எக்ஸ்பிரஸில் போய் வரும் தூரம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு இங்கே பலம். தவறு யாருடையது என்று நிரூபிக்கும்வரை காத்திருக்காமல், கேடு நடந்தால் பொறுப்பு என்ற அடிப்படையில் பணம் கேட்கலாம். இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. வேகத்துக்கு உதாரணம் விசாகப்பட்டினம்: 2020 மே 7 அன்று எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் வாயு கசிந்தது, மறுநாளே 50 கோடி ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னது தீர்ப்பாயம். மண், கிணறு, கண்மாய் கெட்டுப்போனால் இதைவிட நல்ல வாசல் நமக்கு இல்லை. ஆனால் இதுவும் கெட்ட பிறகு தட்டும் வாசல். கசியாத குழாயின் சாய்ந்த பலகைக்கு இங்கே இழப்பீடு கேட்க முடியாது.

உரிமத்தை ரத்து செய்வது நான்காவது. வாரியத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. அதற்கு முன் நிறுவனம் கட்டிய வங்கி உத்தரவாதத்திலிருந்து பணம் பிடிக்கும் வழியும் இருக்கிறது. வீட்டுக்கு வீடு எரிவாயு கொடுக்கும் சிறு விநியோகப் பகுதிக்கு இந்த மிரட்டல் ஓரளவு எடுபடும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய குழாயை ஓர் ஊரின் புகாருக்காக யாரும் மூடப் போவதில்லை. நடக்காது என்று இரு தரப்புக்கும் தெரிந்த மிரட்டலைத் தீர்மானத்தில் எழுதி வலுவை வீணாக்க வேண்டாம்.

இனி நான் மிகவும் யோசித்துப் பார்த்த வழி. கலிபோர்னியாவின் சான் புருனோ நகரில் 2010 செப்டம்பர் 9 மாலை பிஜி அண்ட் இ நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 1956-ல் பதித்த குழாய். பற்றவைப்பு குறைபாடானது. நிறுவனத்தின் பதிவேடோ அங்கே பற்றவைப்பே இல்லாத குழாய் இருப்பதாகச் சொல்லியது. வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது. அந்த வழக்கில் இரண்டு வகைத் தண்டனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடுவர் குழு 6 குற்றச்சாட்டுகளில் நிறுவனத்தைக் குற்றவாளி என்றது. 2017-ல் நீதிமன்றம் விதித்தது சட்டம் அனுமதித்த உச்ச அபராதமான 30 லட்சம் டாலர், ஐந்தாண்டுக் கண்காணிப்பு, 10,000 மணி நேர சமூகச் சேவை. தனி மனிதர் யாரும் சிறைக்குப் போகவில்லை. மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2015-ல் போட்டதோ 160 கோடி டாலர். அதில் பெரும் பங்கு, 85 கோடி டாலர், அரசுக்குப் போகவில்லை. அந்தப் பணத்தை நிறுவனம் தன் குழாய்களின் பாதுகாப்பை மேம்படுத்தவே செலவிட வேண்டும். அதையும் வாடிக்கையாளர் கட்டணத்தில் ஏற்றாமல் பங்குதாரர் பணத்திலிருந்து எடுக்க வேண்டும். இன்னொரு 40 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பியது. அரசின் பொதுக் கணக்குக்கு 30 கோடி.

இந்த வடிவம்தான் நமக்கு வேண்டும். தண்டனைப் பணம் குழாய்க்கே திரும்பி வருகிறது. இது எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அதே நிறுவனத்தின் மின்கம்பிதான் 2018-ல் கலிபோர்னியாவில் 85 பேரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குக் காரணமானது. ஒரு துறையில் கட்டாயச் செலவு செய்ய வைத்ததால் நிறுவனத்தின் குணம் முழுவதும் மாறிவிடவில்லை. ஆனால் நாம் கேட்பது நிறுவனத்தின் குணத்தை மாற்ற அல்ல, நம் வயலின் அடியில் உள்ள குழாயை மாற்ற.

'வரிப்பணம்தானே' என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனத்திடம் 1 கோடி அபராதம் வாங்கி அரசிடம் கொடுத்தால் மக்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதே தொகையை அரித்துப்போன குழாய்த் துண்டை மாற்ற, வெள்ளம் அரித்த ஓடைப்படுகையைக் கல் போட்டுக் கட்ட, தானாக மூடும் வால்வு வைக்கச் செலவழிக்கச் சொன்னால் அதுவும் பொதுப்பணம்தான், ஆனால் ஊருக்குப் பாதுகாப்பாக நிற்கும். "அது அவர்கள் செய்ய வேண்டிய வேலைதானே, தண்டனை எப்படி ஆகும்?" என்று ஒரு மறுப்பு வரும். சரியான மறுப்பு. அதனால்தான் தேதி போட்டுக் கேட்க வேண்டும், தேதி தவறினால் நாள் கணக்கு அபராதம் ஓட வேண்டும். வேலை அவர்களுடைய கடமை. தேதியும், தவறிய ஒவ்வொரு நாளுக்கும் 10 லட்சமும்தான் தண்டனை.

கலிபோர்னியா ஆணையத்தின் முழு அதிகாரம் நம் வாரியத்துக்கு இல்லை. ஆனால் குறையைச் சரி செய் என்று கெடு வைத்து உத்தரவு போடலாம், உத்தரவை மீறினால் 28-ஆம் பிரிவு பாயும். இரண்டையும் சேர்த்தால் அந்த வடிவத்தின் பெரும்பகுதி நம் கைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எனவே நான் பரிந்துரைப்பது இதுதான். விபத்து நடக்காத வரை, வாரியத்திடம் கெடுவோடு கூடிய திருத்த உத்தரவும், கெடு தவறினால் நாள் கணக்கு அபராதமும் கேளுங்கள். கசிந்து மண்ணோ நீரோ கெட்டால் தாமதிக்காமல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். பதிவேட்டை மறைத்தார்கள் என்பதற்கு ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் காவல் நிலையம். வாரியம் அசையவே இல்லை என்றால் ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. வாரியத்தை அதன் கடமையைச் செய்யச் சொல்லி ரிட் மனு போடலாம். நேராக அங்கே போய், முதலில் வாரியத்திடம் கேட்டீர்களா என்ற கேள்விக்கு விழிப்பதைவிட இந்த வரிசை நல்லது.

தீர்மானத்தில் எழுத வேண்டிய வாசகமும் மாற வேண்டும். "கடும் நடவடிக்கை" வேண்டாம். "எங்கள் ஊர் சர்வே எண் இன்னதில் குழாயின் மேல்மண் இவ்வளவு ஆழம்தான் உள்ளது. இதைச் சரி செய்ய வாரியம் கெடு விதித்து உத்தரவிட வேண்டும். கெடு தவறினால் 28-ஆம் பிரிவின் கீழ் நாள்தோறும் அபராதம் விதிக்க வேண்டும். வேலை முடிந்ததை ஊராட்சி மன்றத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." ஜனவரி 26 முதல் நவம்பர் 1 வரை ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. ஒவ்வொன்றிலும் முந்தைய தீர்மானத்தின் நிலை என்ன என்று ஒரு வரி கேட்டுப் பதிவு செய்தால், பிறகு நீதிமன்றத்தில் அது சாட்சியாக நிற்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பகுதியின் கடைசி ஆய்வுத் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொதுத்துறை நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை.

ஒரு எச்சரிக்கை. அளந்து பார்க்கிறேன் என்று யாரும் மண்வெட்டி எடுத்துத் தோண்டிவிடக் கூடாது. மண் அரித்துக் குழாய் வெளியே தெரிந்தால் தள்ளி நின்று படம் எடுத்தால் போதும். நீண்ட தூரக் குழாய்களில் ஓடும் வாயுவில் பல நேரம் மணமூட்டி கலந்திருப்பதில்லை. வீட்டு சிலிண்டர் போல நாற்றம் அடித்துக் காட்டிக்கொடுக்காது. சீறும் சத்தமோ, காரணமில்லாமல் கருகிய புல்லோ தெரிந்தால், போனைக்கூட அங்கே எடுக்காமல் விலகிப் போய், பலகையில் உள்ள எண்ணுக்குப் பேசுங்கள்.

வாரியத்தில் புகார் கொடுக்கச் சட்டம் வைத்திருக்கும் காலம், மீறல் நடந்த நாளிலிருந்து 60 நாள். தாமதத்துக்குக் காரணம் காட்டினால் ஏற்கலாம் என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். சர்வே எண், பக்கத்திலுள்ள அடையாளக் கல்லின் எண், தேதி தெரியும் படம் மூன்றையும் புகாரோடு இணைத்து, நகலைக் கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.